கள்ளிமேட்டு இறக்கம்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர்களோடு நானே சண்டைக்குப் போவேன். பெரம்பலூர் வட்டாரத்தில் அவரைப் போல ஓட்டுகிறவர் கிடையாது. எனக்கு இருந்த பயமெல்லாம் அவர் காரை ஓட்டுவதைப் பற்றி இல்லை, ஓட்டாமல் உருட்டுவதைப் பற்றித்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினை நடுரோட்டில் அணைத்துவிட்டு, இறக்கத்தில் கார் அதுபாட்டுக்கு உருண்டு போவதில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு ஆனந்தம். பக்கத்தில் உட்கார்ந்து நான் திட்டிக்கொண்டே வருவேன்.

எழுபத்து மூன்று, நான்கு வாக்கில் பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறியபோது பிடித்த பழக்கம் அது. அப்போது பெரம்பலூரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் முக்கால்வாசிப் பேர் பரம்பரைப் பணக்காரர்கள். என் வீட்டுக்காரர் ராசாங்கம் அந்த முக்கால்வாசியில் சேர்த்தி இல்லை. அவருடைய அப்பா குரும்பலூரில் ஒரு பண்ணையில் ஏர் ஓட்டியவர். இவர் பஸ்ஸில் கிளீனராகப் போய், டிரைவராகி, கடைசியில் அதே பண்ணைக்காரரின் காருக்கே டிரைவராக வந்து சேர்ந்தார். பண்ணைக்காரர் புது அம்பாசிடர் எடுத்ததும், அவருடைய பழைய லேண்ட்மாஸ்டரை இவர் விலைக்கு வாங்கிவிட்டார். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டித்தான் பிழைத்தோம். வாங்கிய அன்றைக்குக் குரும்பலூர்த் தெருவில் அவர் அடித்த ஹார்ன் சத்தத்தில் அடைகாத்த கோழிகூட எழுந்து ஓடியது.

அந்தக் காருக்கு அவர் செய்த பணிவிடையில் கால்வாசி எனக்குச் செய்திருந்தால் நான் இன்னும் குமரியாக இருந்திருப்பேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். கார்புரேட்டரைக் கழற்றி, என் வெண்கலத் தட்டில் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவார். எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும் என்று மழை பெய்தால் அண்டாவை வாசலில் வைத்துப் பிடித்து, மூடி வைத்து, அதைத்தான் காருக்கு ஊற்றுவார். நாங்கள் குடித்தது சுண்ணாம்புத் தண்ணீர். கார் குடித்தது மழைத் தண்ணீர்.

அவருக்கு ஏற்ற ஜோடி ஒருத்தர் இருந்தார். பாலசுந்தரம், ஹைஸ்கூல் டிராயிங் வாத்தியார், பழைய பியட் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு எதிரே கார்களை நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெட்ரோல் விலை ஏறியதும் இவர்களுக்குள் ஒரு பந்தயம் தொடங்கியது. அரியலூர் போகிற ரோட்டில் ஒரு மேடு வரும். இரண்டு பக்கமும் கள்ளி வேலி என்பதால் கள்ளிமேடு என்று இவர்களே பேர் வைத்தார்கள். அங்கிருந்து நீளமான இறக்கம். கீழே இடது பக்கமாக ஒரு சின்ன வளைவு, அதைத் தாண்டி ஓடைப் பாலம், அப்புறம் கொஞ்சம் ஏற்றம். மேட்டு உச்சியில் இன்ஜினை அணைக்க வேண்டும். யாருடைய கார் பாலத்தைத் தாண்டி ரொம்பத் தூரம் உருளுகிறதோ அவருக்கு ஜெயம். தோற்றவர் அரியலூரில் டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும்.

வாத்தியார் ஒரு தடவை திருட்டுத்தனம் பண்ணினார். நடுவில் சத்தமில்லாமல் இன்ஜினைப் போட்டு ஒரு உந்து உந்திவிட்டு அணைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சண்டை போட்டார். அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. இன்ஜினை அணைத்ததும் சாவியை உருவி, பக்கத்தில் இருக்கிற பெண்சாதி கையில் கொடுத்துவிட வேண்டும். அங்கே வாத்தியார் சம்சாரம், சின்னப்பிள்ளை என்று பேர், அவள் கை; இங்கே என் கை. பாலம் தாண்டிக் கார் நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் திட்டிக்கொண்டேதான் வாங்குவேன். "அறிவு கெட்ட வேலை பண்றீங்க. எதுக்கால லாரி வந்தா என்னா பண்ணுவீங்க?" என்பேன். "பிரேக் இருக்குல்ல, ஸ்டீரிங் இருக்குல்ல, அப்பறம் என்னா?" என்பார். அந்தக் காருக்கு அது சரிதான். சாவியை உருவினாலும் ஸ்டீரிங் சொன்னபடி திரும்பும், பிரேக் மிதித்த இடத்தில் பிடிக்கும். அதனால் கள்ளிமேடு வரும்போதெல்லாம் திட்டுவதும் கை நீட்டுவதும் எனக்கு ஒன்றாகவே பழகிவிட்டது.

எண்பத்து நான்கில் லேண்ட்மாஸ்டர் படுத்துவிட்டது. சாமான் கிடைக்கவில்லை. திருச்சி, சேலம் என்று அலைந்து பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டார். அதற்கப்புறம் அவரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! ஒரு இடத்தில் உட்கார மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டால் கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு ஓடுவார். "இன்ஜின்ல டேப்பெட் அடிக்குது, காது கேக்கல அவனுக்கு?" என்று முன்பின் தெரியாத டிரைவரை நிறுத்திச் சண்டை போடுவார். டவுன் பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, வளைவு வந்தால் இவர் காலை அமுக்குவார். பகலில் படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சொன்னால் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

எங்கள் மகள் கண்ணகியை அரியலூரில் கொடுத்திருந்தோம். மருமகன் பழனிவேலுக்கு சிமெண்ட் பேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. கண்ணகி கீழப்பழுவூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பெண் குழந்தைகளையும் அங்கேயே சேர்த்திருந்தாள். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்காமல் மருமகன் ஒரு கார் பதிவு பண்ணி வைத்திருந்தார். புதிதாக வந்த சின்னக் கார். எண்பத்தாறு ஏப்ரலில் அது வந்தது. கார் வந்துவிட்டது, ஓட்டத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை. மருமகனுக்கு ஷிப்டு வேலை, சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டிப் பழகாதவர்.

கண்ணகி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏம்மா, அப்பாவையே ஓட்டச் சொல்லலாமா? நீங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்து இருந்துடுங்க. காலைல என்னையும் புள்ளைங்களையும் கொண்டாந்து விட்டுட்டு, சாயங்காலம் அழைச்சுக்கிட்டு வந்தாப் போதும்."

"அவருட்ட கேளு. இப்பவே பொட்டியைக் கட்டிப்புடுவாரு" என்றேன்.

கேட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க, "என்னா இது, சோப்புடப்பா மாதிரி இருக்கு" என்று காரைத் தட்டிப் பார்த்தார்.

கண்ணகி என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே, விடுவாளா? "ஒரு கண்டிஷன்ப்பா. கள்ளிமேட்டு வெளையாட்டு இந்த வண்டியில வேணாம். இன்ஜின அணைச்சு உருட்ட மாட்டேன்னு எனக்குச் சொல்லுங்க. புள்ளைங்கள நம்பி அனுப்பணும்."

"சத்தியமாம்மா. எனக்கும் வயசாச்சுல்ல" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஜூன் ஆகும். அதுவரை காரை எங்களிடமே விட்டார்கள். புது இன்ஜினைக் கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டுமாம். அந்த ஒன்றரை மாதமும் அவர் அனுபவித்த அவஸ்தை சொல்லி மாளாது. முதலில், செய்வதற்கு வேலையே இல்லை. காலையில் எழுந்ததும் பானெட்டைத் தூக்குவார். உள்ளே எல்லாம் பளபளவென்று இருக்கும். எதைக் கழற்றுவது? திருச்சியில் காரைக் கொடுத்தவன், "நீங்க எதுலயும் கை வைக்காதீங்க சார், சர்வீசுக்குக் கொண்டாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். "கை வைக்கக் கூடாதாமுல்ல! அப்பறம் எதுக்கு எனக்குக் கை?" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஏற்கெனவே துடைத்த இடத்தைத் திரும்பவும் துடைப்பார்.

ஓட்டும்போது இன்னும் வேடிக்கை. பழைய காரில் கியர் ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்தது. இதில் தரையில் இருக்கிறது. இவர் கை பழைய இடத்துக்கே போகும். அங்கே இருப்பது வைப்பர். கொளுத்துகிற மே மாத வெயிலில் எங்கள் காரில் மட்டும் வைப்பர் ஆடும். சிறுவாச்சூர் கோயிலுக்குப் பூஜை போடப் போனபோது, கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். திரும்புவதற்கு விளக்குப் போடச் சொன்னால், பழைய ஞாபகத்தில் கையை வெளியே நீட்டுவார். பழைய காரில் கியர் மாற்றியது போலக் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொல்வேன், அவர் இரண்டு சொல்வார். ஆனாலும் கற்றுக்கொண்டார். அறுபது தாண்டிய மனுஷர், வாயை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பழக்கமாகப் பிடுங்கிப் போட்டார். மே மாதக் கடைசியில் வைப்பர் ஆடுவது நின்றுவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தக் காரில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது ஒன்றுதான். சாவியை உருவினால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். திருடன் உள்ளே புகுந்தாலும் திருப்ப முடியாது. தெருவில் யார் வந்தாலும் அதைக் காட்டுவார். "இங்க பாருங்க, சாவிய இப்புடி அமுக்கித் திருப்பி உருவணும். இப்ப திருப்புங்க பாப்பம்! முடியாது!" வந்தவர்கள் முக்கிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்படுவார்கள். ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர். தெரியாதவர் இல்லை.

கள்ளிமேடு வரும்போது மட்டும் நான் வெளியே பார்க்க மாட்டேன். அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். உச்சி வந்ததும் அந்தக் கை ஸ்டீரிங்கை விட்டு இறங்கும். சாவிப் பக்கம் போகும். பாதியில் நிற்கும். தொடையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஸ்டீரிங்குக்குப் போகும். இறக்கம் முழுக்க அவர் மூச்சு விடுவதே கேட்காது. பாலம் தாண்டியதும்தான் இரண்டு பேரும் மூச்சு விடுவோம்.

"அரிக்குது ரெங்கம்" என்றார் ஒரு நாள்.

"எங்க?"

"உள்ளங்கையில."

"சொறிஞ்சுக்கங்க. சாவியத் தொடாதீங்க" என்றேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மூட்டை முடிச்சோடு அரியலூருக்குக் கிளம்பினோம். மறுநாள் காலையிலிருந்து பேத்திகளை இவர்தான் கொண்டுபோய் விட வேண்டும். புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆர்டர் வந்த பையனைப் போல முகத்தில் ஒரு சிரிப்பு, அதோடு ஒரு படபடப்பு. ஸ்டீரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அந்தத் தாளம் பிடிக்கவில்லை.

கள்ளிமேட்டு ஏற்றத்தில் பின்னால் ஹார்ன் சத்தம். வாத்தியாரின் பியட். அரியலூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சமமாக வந்து, வாத்தியார் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"என்னா ராசாங்கம்! சோப்புடப்பா உருளுமா, இல்ல கரைஞ்சிருமா?"

இவர் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றுதான் ஆட்டினார். வாத்தியார் முந்திக்கொண்டு உச்சிக்குப் போனார். பியட்டின் சத்தம் சட்டென்று நின்றது. சத்தமே இல்லாமல் அது இறக்கத்தில் இறங்கியது. அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து சின்னப்பிள்ளையின் கை வெளியே வந்து, சாவியை ஆட்டி ஆட்டிக் காட்டியது. அவள் சிரிப்பு எனக்குக் கேட்டது.

"வேணாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கியர் நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இன்ஜின் அணைந்தது. திடீரென்று காற்றுச் சத்தம் மட்டும். நான் அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது நினைவிருக்கிறது. அதே நேரத்தில் என் வலது கை மடியிலிருந்து எழுந்து, அவருக்கு முன்னால் போய், விரித்துக்கொண்டு நின்றது.

அவர் பார்வை ரோட்டில்தான் இருந்தது. கை மட்டும் வேலை செய்தது. புதுக் காரில் கற்றுக்கொண்டபடி சாவியை அமுக்கித் திருப்பி உருவி, பழைய காரில் பழகினபடி என் உள்ளங்கையில் வைத்தது. நான் விரலை மூடிக்கொண்டேன். ஏதோ ஒன்று 'டக்' என்றது. இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நொடி எனக்கும் நன்றாக இருந்தது. கார் காற்றில் போவது போலப் போனது. அவர் முகத்தில் பத்து வயசு குறைந்துபோய் இருந்தது.

வளைவு வந்தது. அவர் இடது பக்கம் திருப்பினார். ஸ்டீரிங் திரும்பவில்லை.

"ஏய்!" என்றார். காரைத்தான் சொன்னார். இன்னொரு தடவை இழுத்தார். அசையவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. நான் என் கையைப் பார்த்தேன். உள்ளே சாவி.

ரோடு இடது பக்கம் வளைந்து போக, நாங்கள் நேராக, ரோட்டைக் குறுக்கே வெட்டி வலது ஓரத்துக்குப் போனோம். அங்கே தார் ரோட்டோரமாகக் கடலைக்காயைப் பரப்பிக் காயவைத்து, ஒரு பொம்பளை குடையை விரித்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. இன்ஜின் சத்தம் இருந்தாலாவது திரும்பிப் பார்த்திருப்பாள். இவர் பிரேக்கில் ஏறி நின்றார். இரண்டு கையாலும் ஹார்னை அடித்தார். "சாவி! சாவி!" என்று கத்திக்கொண்டு நான் அதை அவர் முழங்கையில் குத்துகிறேன், வாங்கக் கை ஏது? கடலைக்காய் சக்கரத்தில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கார் நின்றிருந்தது. பம்பர் முனையில் குடை மாட்டிக்கொண்டிருந்தது. அவள் குடையைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் பாய்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் நாங்கள் கடந்துவந்த இடத்தில் அரியலூர்ப் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

அவள் எழுந்து வந்து காரைத் தட்டினாள். "ஏய்யா, ரோடு அம்புட்டு அகலமா கெடக்கு, ஏந் தலையிலதான் ஏத்தணுமா? கண்ணு பொட்டையா?" இன்னும் நாலு வார்த்தை சொல்ல வந்தவள், இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "என்னாச்சு பெரியவரே, பிரேக் புடிக்கலியா?" என்று குரலை இறக்கிக் கேட்டாள்.

அவர் கீழே இறங்கி, மண்டியிட்டு, சிதறிய கடலைக்காயைக் கையால் வாரிச் சேர்க்க ஆரம்பித்தார். நானும் இறங்கிப் போய் வாரினேன். "வுடுங்க, நான் கூட்டிக்கறேன்" என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. புதுச் சட்டை முழுக்கச் செம்மண்.

வாத்தியார் பாலத்துக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். "என்னய்யா, கடலைக்காட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர், என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பூட்டுக் காட்டப்பட்டிருந்தது. முகம் வெளுத்துவிட்டது. காரைச் சுற்றி வந்து பார்த்தார். பம்பரில் ஒரு சின்னக் கீறல். வேறு ஒன்றும் இல்லை.

"ராசாங்கம், இத இதோட வுட்டுரு. கண்ணகிக்குச் சொல்ல வேணாம். நானும் மூச்சு வுட மாட்டேன், எம் பொண்டாட்டியும் வுட மாட்டா. என்னாம்மா?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். என் வீட்டுக்காரர் ஆட்டவில்லை.

அங்கிருந்து அரியலூர் வரை மாட்டுவண்டி வேகத்தில்தான் போனோம். இரண்டு கையையும் அவர் ஸ்டீரிங்கை விட்டு எடுக்கவே இல்லை. நான் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை மட்டும் நீளாமல் இருந்திருந்தால், சாவி அதன் ஓட்டையிலேயே இருந்திருக்கும். உருட்டலோடு போயிருக்கும். அவர் அதைச் சொல்வார், சொல்லித் திட்டுவார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

குவார்ட்டர்ஸ் வாசலில் பேத்திகள் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். கண்ணகி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மருமகன் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பம்பரில் விரலை வைத்தார்.

"கல்லு அடிச்சிருக்கும், வுடுங்க மாமா. லாரிக்காரனுவ ரோட்டையா வச்சிருக்கானுவ?" என்றார் தங்கமான பிள்ளை. பெரியவள் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கடலைக்காயைப் பிடுங்கி, உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"சட்டையெல்லாம் என்னப்பா மண்ணு?" என்று கேட்டாள் கண்ணகி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, காப்பி குடிங்க. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் கெளம்பிடணும். எங்கப்பா கொண்டாந்து வுடுவாருன்னு ஸ்கூல்ல எல்லாருட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

பிள்ளைகள் அதற்குள் பின் சீட்டில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். "தாத்தா, ஒரு ரவுண்டு! ஒரே ஒரு ரவுண்டு!" மருமகனும் சிரித்துக்கொண்டே, "போயிட்டு வாங்க மாமா, ஆசப்படுதுங்க" என்றார்.

அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். இன்ஜின் ஓடியது. இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எல்லாமே சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. அந்தத் தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எங்கள் இரண்டு பேருக்கும் இனி இதுதான் பிழைப்பு, இதுதான் சந்தோஷம். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். பின் கண்ணாடியில் சின்னவள் அவருக்குப் பழிப்புக் காட்டினாள்.

இன்ஜின் அணைந்தது. அவர் இறங்கினார்.

"புள்ளைங்கள எறக்கும்மா" என்றார் கண்ணகியிடம்.

"ஏம்ப்பா?"

"எறக்கு. சொல்றேன்."

மருமகன் எதிரே வந்து நின்றார். மகளைக் கொடுத்த வீட்டில் அவர் தலை குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குனியவில்லை. நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "மாப்ளே, இது கல்லு அடிச்ச கீறல் இல்ல. கள்ளிமேட்டுல வண்டிய அணைச்சு உருட்டுனேன். சாவிய நாந்தான் உருவுனேன். ஸ்டீரிங் பூட்டிக்கிச்சு. ஒரு பொம்பள மேல ஏறப் பாத்தேன். அவ பொழச்சது அவ செஞ்ச புண்ணியம்."

கண்ணகி சின்னவளை இடுப்பில் தூக்கி இறுக்கிக்கொண்டாள். "பூட்டிக்கும்னு உங்களுக்குத் தெரியுமேப்பா! நீங்கதானே எல்லாருக்கும் காட்டுனீங்க?"

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல. இன்னிக்கு அது என்னைக் கேக்காமச் செஞ்சுது. நாளைக்குக் கேட்டுச் செய்யும்னு என்னால சொல்ல முடியாது. இந்தப் புள்ளைங்கள வச்சு நான் ஓட்ட மாட்டேன் மாப்ளே. நீங்க வேற ஆளப் பாருங்க."

இதைத்தானே நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்? இந்த வண்டிப் பைத்தியம் போதும், விடுங்கள், விடுங்கள் என்று நான் கத்தாத நாள் உண்டா? அவரே அதைச் சொல்லிவிட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மருமகனிடம் நான் நேருக்கு நேர் நின்று பேசுவது வழக்கமில்லை. எதுவானாலும் கண்ணகி வழியாகத்தான். அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. படியிலிருந்து இறங்கிப் போய் அவர் முன்னாலேயே நின்றேன்.

"இல்ல மாப்ளே, அவரு நல்லாத்தான் ஓட்டுவாரு. அவர மாதிரி இந்த ஜில்லாவுல ஆள் கெடையாது. அது அவரு கை மட்டும் இல்ல, நாந்தான்..."

"நீ சும்மா இரு ரெங்கம்" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லி நான் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.